கள்ளுக்கடைக்கு எதிரே நின்ற பிரெஞ்சு வண்டி

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பாக்கார் ஆராங்கில் வானம் மூட்டமாக இருந்தது. காற்று துளியும் இல்லை. மழை வருமென்று என் மனைவி கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டாள், மழை வரவில்லை. அந்த நேரத்தில் நான் வீட்டு முன்புறத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, அப்பாவின் பிரெஞ்சு மொப்பெட்டுடைய பெட்ரோல் மூடியை ஊக்கால் குத்திக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறிய மூடி. அதன் நடுவில் கடுகளவு ஒரு துளை உண்டு. நான்காவது குத்தில் துளையிலிருந்து மஞ்சளாக ஒரு சிறு கட்டி நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. அரை அரிசி நீளம் இருக்கும். முகர்ந்தேன், மண்ணெண்ணெய்தான் அடித்தது. நகத்தால் லேசாகச் சுரண்டி மறுபடியும் முகர்ந்தேன். சந்தனம்.

நண்பர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் என்னோடு வளர்ந்து, இப்போது ஆண்டுக்கொரு முறை பீடோங்கில் ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிடுகிற உங்களுக்கு. சென்ற கூட்டத்துக்கு நாம் நாற்பத்தொரு பேர் வந்திருந்தோம். பழைய கங்காணியின் மகன் பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, என் அப்பா கள்ளுக்கடை வாசலில், கள் ஊற்றும் எனாமல் மங்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நடித்துக் காட்டினான். அப்பாவின் பழைய பட்டப்பெயரை, வெள்ளிக்கிழமை கிராணி என்று, உங்களில் யாரோ பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். நாற்பது பேர் சிரித்தீர்கள். சிரிக்காதவன் நான் ஒருவன்.

என் அப்பா கள் குடித்தவரில்லை. இதை நான் நம் கூட்டங்களில் குறைந்தது ஆறு முறை சொல்லியிருக்கிறேன். ஆறு முறையும் நீங்கள் மரியாதையாகத் தலையாட்டினீர்கள். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி. எழுபத்திரண்டு வயதில் ஒருவன் துருப்பிடித்த வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்ததற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம். வண்டி ஓடினால் அது அன்று கள்ளுக்கடை வாசலில் ஏன் நின்றது என்று காட்டலாம். வண்டி ஏன் நின்றது என்று காட்டினால் அப்பா ஏன் நின்றார் என்று காட்டலாம்.

வண்டி பீடோங்கில் அக்கா வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், நீலக் கித்தானுக்குக் கீழே கிடந்தது. அம்மா போன பிறகு தோட்டத்து வீட்டுச் சாமான்களோடு அங்கே போய்ச் சேர்ந்தது. எடுக்கப் போனபோது அக்கா இரண்டு முறை தடுத்தாள். "எதுக்குடா அந்தப் பழைய இரும்பு? ஒனக்கு முட்டி வலி வேற. சும்மா கெடக்கட்டும்லா." நான் கேட்கவில்லை. கித்தானைத் தூக்கினால் இருக்கைக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கோழி மூன்று முட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. கோழியை அக்கா எடுத்துக்கொண்டாள். வண்டியை நான் லோரி பிடித்து எடுத்து வந்தேன்.

பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே ஒருவர், வந்து பார்த்தார். சுற்றி வந்தார். பெடலை ஒருமுறை காலால் தட்டினார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால், "அங்கிள், இது வண்டி இல்லை, சைக்கிளுக்கு வந்த ஒரு வியாதி." வேலையை எடுக்காமல் போய்விட்டார். ஆகவே நானே செய்தேன். பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு குதிரைத்திறன்கூட இல்லாத இயந்திரம் பெரிதா என்று எண்ணினேன். பெரிதுதான்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி, தினமும் காலையில் பசியாறிவிட்டுப் பெடலை மிதித்துப் பார்ப்பேன். என் மனைவி உள்ளிருந்தே கேட்பாள்.

"இன்னைக்காச்சும் அசைஞ்சிச்சா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் அசைய வேணாம். இடுப்பு புடிச்சுக்கும்."

ஒன்பதாம் நாள் பெடல் ஒரு விரற்கடை இறங்கியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, மீன் வாங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள்.

பெட்ரோல் டாங்கிக்குள் துரு ஏடு ஏடாக நின்றது. அதற்கு வழி, சின்னச் சரளைக் கல்லும் வினிகரும் போட்டு மணிக்கணக்கில் குலுக்குவது. என் வலது தோள் இருபது குலுக்கலுக்கு மேல் ஒத்துழைக்காது. பேரன் குழந்தையாக இருந்தபோது வாங்கிய மின்சாரத் தொட்டில் பரணில் சும்மா கிடந்தது. சுருள்கம்பியும் மோட்டாரும் வைத்துத் தானாக ஆடுமே, அது. டாங்கியைப் பழைய சாரோங்கில் பொதிந்து தொட்டிலில் கட்டிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நாள் ஆடியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, புதுப் பேரப்பிள்ளையா, ஏன் இப்படிக் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கேட்டார். என் மனைவி, "தாத்தா மாதிரி" என்று மலாயில் சொன்னாள்.

பெல்ட் அலோர் ஸ்டாரில், நெல் அறுக்கும் இயந்திரங்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. டயர் தாய்லாந்திலிருந்து வந்தது. முதல் ஜோடி அளவு தப்பு, இரண்டாவது சரி. கார்பரேட்டருக்குள் மிதக்கிற பித்தளைக் குப்பியில் மயிரிழை விரிசல். வெந்நீரில் அமுக்கினால் குமிழி வந்தது, அந்த இடத்தை ஈயம் வைத்து மூடினேன். கடைசியாக மிஞ்சியது மூடி. அதை யாரும் ஒரு பாகமாகவே எண்ண மாட்டார்கள். நானும் எண்ணவில்லை. சும்மா பளபளப்பாக இருக்கட்டும் என்றுதான் ஊறவைத்தேன்.

இனி அந்த வருடத்துக் கதை. எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு.

வண்டி தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத் துரையுடையது. அவர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். பிரான்ஸ் நாட்டில் இதைப் பாதிரிமார்களும் தாதிகளும்தான் ஓட்டுவார்கள் என்று அவர் சொன்னாராம். அப்பாவுக்கு அது போதும். அவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி; அதோடு பீடோங் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். முன்னால் சைக்கிள் மாதிரி, நடுவில் தையல் மிஷின் மாதிரி, பின்னால் மறுபடியும் சைக்கிள் மாதிரி. ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தால் முதலில் இருமும், பிறகு நீலப் புகை விடும், பிறகு 'தடதட' என்று ஓடும். பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும்; அப்பா கட்டிப்பால் டின்னில் உள்புறம் ஆணியால் கோடு கீறி அளவு வைத்திருந்தார். அந்தப் புகையின் வாசனை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். அம்மா அதை 'பிரெஞ்சு சாம்பிராணி' என்பாள்.

வாரநாட்களில் அப்பா அதில் ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் போவார். அரை மைல் போவது, அரை மைல் வருவது. ஒரு தொல்லையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில்தான் நெடும் பயணம். பீடோங்கில் சங்கக் கூட்டம், மூன்று மைல்.

நம் மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் பள்ளி விடுமுறையல்லவா, ஆகவே எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். அம்மா காலையிலேயே வண்டியைக் கழுவுவாள். முன்விளக்கில் ஒரு சந்தனப் பொட்டு, கைப்பிடி நடுவில் ஒன்று, பெட்ரோல் மூடியில் ஒன்று. அந்த மூடி வட்டமாக, நடுவில் சின்னக் குழியோடு, பொட்டு வைப்பதற்கென்றே வார்த்தது போல இருக்கும். குழியின் நடுவில்தான் அந்தத் துளை. பெட்ரோல் இறங்க இறங்க வெளிக்காற்று உள்ளே போவதற்காகப் பிரெஞ்சுக்காரன் வைத்த துளை. அதை அடைத்துவிட்டால் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு டாங்கிக்குள் காற்றில்லாமல் பெட்ரோல் இறங்காது, வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போகும். மறுபடியும் ஓடும், டாங்கியில் காலியிடம் கூடிவிட்டதால் முன்னைவிட அதிக தூரம். அப்பா வெள்ளிக்கிழமைகளில் டாங்கியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு புறப்படுவார். அதனால் எல்லா வெள்ளிக்கிழமையும் வண்டி ஒரே இடத்தில் நின்றது. ஒன்றரை மைல்.

ஒன்றரை மைலில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். செம்மண் சாலை பெரிய சாலையில் சேரும் முனை. தகரக் கூரை. கள்ளுக்கடை.

முதல் வெள்ளிக்கிழமை அப்பா அதைத் தற்செயல் என்று நினைத்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் அன்றைக்குப் பேச வேண்டிய உரை. கடையில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லாரும் மங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்களாம். கிராணியல்லவா.

"என்னய்யா, நம்ம கடைக்கா?" என்றார் கள்ளுக்கடைக்காரர்.

"வண்டி நின்னுபோச்சு."

"அதான் நின்னுருச்சே. எறங்குங்க."

அப்பா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடினார். மிதித்தார். வண்டி கிளம்பிவிட்டது. கள்ளுக்கடையைப் பார்க்க மட்டும் நின்றுவிட்டுப் போனார் என்று மறுநாள் லயத்தில் பேச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேயே நின்றது. அம்மா இதைக் கண்திருஷ்டி என்று முடிவு செய்தாள். தோட்டத்தில் வேறு யாரிடம் இப்படி ஒரு வண்டி இருக்கிறது? ஆகவே அடுத்த வாரம் பொட்டு ஐம்பது காசு அகலத்துக்குப் பெரிதாகியது. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி பழத்தை நசுக்கிவிட்டுப் போய் நேராகக் கள்ளுக்கடையில் நின்றது. அந்த மூன்றாம் வாரம் அப்பா பதற்றத்தில் மூடியைத் திறக்க மறந்து கால் மணி நேரம் பெடலை மிதித்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது, முகம் சிவந்துவிட்டது, சட்டை வெளியே வந்துவிட்டது. இரண்டு பேர் தள்ளிவிட வந்தார்கள். தள்ளினார்கள், அவர் மேலேயே சாய்ந்தார்கள். கள்ளுக்கடைக்காரர் பாவப்பட்டு ஒரு விசுப்பலகையும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தவையெல்லாம் கள் ஊற்றும் எனாமல் மங்குகள்தான். அப்பா அதில் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பீடோங் பஸ் வந்து நின்றது. பஸ் நிறுத்தமும் அதுதானே.

அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து பேசும்போது, தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாராம். தள்ளிவிட்டவர்கள் சிந்திய கள் அப்பாவின் தோளில் இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு வரன் முற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு செர்டாங். நல்ல இடம், மூன்று தலைமுறையாகக் குடி கிடையாது என்பது அவர்கள் முதலில் சொன்ன செய்தி. அப்பா மயங்கிப்போனது அதில்தான். அக்காவுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போக ஆசை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மிஸ்ஸி என்று நாம் கூப்பிட்ட தாதி ஊசி போடுவதைக் காலையில் போய் நின்று பார்ப்பாள். அப்பாவிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்: "கல்யாணம் ஆவட்டும். மாப்பிள்ளை விட்டா போ." மாப்பிள்ளை விடமாட்டார் என்று அவர் தாய்மாமன் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர்தான் அந்த வீட்டில் எல்லாம். தேநீரும் குடிக்காத மனிதர். வெந்நீர் கேட்டு வாங்கி, அதையும் ஆறவைத்துக் குடிப்பார்.

நான்காம் வெள்ளிக்கிழமை அக்காவும் பீடோங்குக்குப் போனாள், பரிசப் புடவை பார்க்க. பின் கேரியரில் தலையணை கட்டி உட்கார்ந்தாள். அம்மா முன்விளக்குக்குச் செம்பருத்தி மாலையே போட்டாள். வண்டி அதே இடத்தில் நின்றது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார், போனார்கள். அம்மா அன்றிரவு முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை வண்டி நிற்கவேயில்லை. கடையில் இருந்தவர்கள் கையாட்டினார்களாம். அப்பா மணியடித்துக்கொண்டே கடந்து போனாராம். வீட்டுக்கு வந்து இரண்டு முறை அதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சேவலை வெட்டினார்கள். ஆறாம் வெள்ளிக்கிழமை மறுபடியும் நின்றது. சேவல் வீண்.

அந்த வாரம்தான் செர்டாங்கிலிருந்து ஆள் வந்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமை அந்தப் பீடோங் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வெந்நீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் கண்ணால பாத்தேன். மங்கோட."

"அதுல இருந்தது தண்ணிங்க," என்றார் அப்பா.

"எல்லாரும் அதத் தண்ணின்னுதாங்க சொல்றாங்க."

அப்பா எழுந்து நின்றார். அவர் கோபத்தில் குரலை உயர்த்துபவரல்ல, தாழ்த்துவார். "வர்ற வெள்ளிக்கெழம நீங்களே என் வண்டியில ஏறிக்குங்க. பீடோங்குக்குப் போவோம். நானா நிறுத்துறேனா, அதுவா நிக்குதான்னு ஒங்க கண்ணாலயே பாருங்க."

இப்படி ஒரு சோதனைக்குத் தானே அழைக்கும் மனிதர் எவ்வளவு குழந்தையாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. வண்டி நிற்காவிட்டால் அவர் நிறுத்துகிறார் என்று ஆகும். நின்றால், அது நின்றுவிட்டது என்பதுதானே குற்றச்சாட்டே. இரண்டு பக்கமும் தோல்வியான பந்தயம். அப்பா அதைக் கணக்குப் போடவில்லை.

ஏழாம் வெள்ளிக்கிழமை. அம்மாவுக்குக் கை நடுங்கியது. "நீயே வச்சிரும்மா" என்று சந்தனக் கிண்ணத்தை அக்காவிடம் கொடுத்தாள். முந்தின வாரமும் அக்காதான் வைத்தாள். கண்மூடிக் கும்பிட்டுவிட்டு, குனிந்து, பொறுமையாக வைத்தாள். அவ்வளவு பக்தியாக நான் அவளைப் பார்த்ததில்லை. தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். அப்பா மிதித்தார். நாம் பதினோரு பேர் பின்னால் ஓடினோம். நீங்களும்தான் ஓடினீர்கள், இப்போது மறக்க வேண்டாம். இரண்டு ஆள் பாரத்துக்கு அந்த வண்டி நம் ஓட்டத்தைவிட வேகமாகப் போகவில்லை.

கள்ளுக்கடைக்கு முன்னால் சத்தம் முதலில் மெலிந்தது. பிறகு ஒரு விக்கல். பிறகு ஒன்றுமில்லை. அப்பா இரண்டு கைகளையும் கைப்பிடியிலிருந்து தூக்கி விரித்துக் காட்டினார், நான் எதையும் தொடவில்லை என்று.

கள்ளுக்கடைக்காரர் நல்ல மனிதர். அதுதான் கெடுத்தது. வழக்கப்படி விசுப்பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்கய்யா, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு. தொணைக்கு ஆள் இருக்காப்ல. ரெண்டு மங்கா கொண்டாரவா?"

தாய்மாமன் இறங்கினார். வேட்டியை இறக்கிவிட்டார். கொண்டுவந்த மங்கை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தார். ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தண்ணிதான்," என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. ஒரு விநாடிதான்.

"ஐயா, நான் குடிகாரனப் பாத்திருக்கேன். திருந்தினவனப் பாத்திருக்கேன். வாராவாரம் கள்ளுக்கடைக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போற ஆள இப்பதான் பாக்கறேன். எங்க குடும்பத்துக்கு இது ஒத்து வராது."

அடுத்த பஸ்ஸுக்கு அவர் நிற்கவில்லை. கள்ளுக்கடை நிறுத்தத்தில் நிற்க விரும்பாமல் பீடோங்வரை நடந்தே போனார்.

வரன் போயிற்று. சங்கத்துச் செயலாளர் பதவியும் அந்த மாதமே போயிற்று. தலைவர் அப்பாவை ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா வண்டியைப் பின்கட்டில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினார். பிறகு பீடோங்குக்குப் பஸ்ஸில்தான் போனார். அதைப் பிடிக்கவும் அந்தக் கள்ளுக்கடை வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. அக்கா நான்காம் முறையாகக் கேட்டாள். "போ" என்றார். அவள் தாதியாகி முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தாள். பயிற்சியில் சந்தித்த ஒரு மருந்தாளரைக் கட்டிக்கொண்டாள். அவர் மாலையில் ஒரு பீர் குடிப்பார். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடியும் இந்த ஆகஸ்டுக்கு வருகிறேன். சாலை வரி இல்லாத வண்டி என்பதால் பெரிய சாலையில் விடப் பயம். எங்கள் வரிசை வீடுகளைச் சுற்றியுள்ள சந்து ஒரு சுற்றுக்கு முந்நூறு மீட்டர். முதலில் துளை திறந்தபடி ஓட்டினேன். பதினாறு சுற்று, நிற்கவில்லை, நான்தான் நின்றேன். பிறகு டாங்கியை விளிம்புவரை நிரப்பி, அந்தப் பழைய சந்தனக் கட்டியைத் துளையில் செருகி ஓட்டினேன். எட்டாம் சுற்றில், கணக்குக்கு அதே ஒன்றரை மைலில், நாய் இரண்டு வளர்க்கும் வீட்டுக்கு நேர் எதிரே, அந்த விக்கல் வந்து நின்றது. நாய்களைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி கதவடியில் நின்று, "கடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

அப்பா குற்றமற்றவர். அம்மாவின் பக்திதான் காரணம். இதை முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று கட்டியை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு என் காடியை ஓட்டிக்கொண்டு பீடோங்குக்குப் போனேன். அவளுக்கு இப்போது எண்பது. மகன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

"என்னடா இது, மூக்குப்பொடியா?"

"சந்தனம். அப்பா வண்டி மூடியில இருந்தது. இத்தன வருஷமா துளையில அடச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதனாலதான் வண்டி நின்னுருக்கு. அம்மா தெரியாம செஞ்சது."

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. டப்பாவை மூடினாள்.

"காப்பி குடிக்கிறியா?"

"அக்கா, நான் என்ன சொல்றேன்னு வெளங்குதா?"

"வெளங்குதுடா. இது அம்மா வச்சதில்ல. நான் வச்சது."

"தெரியும்லா. கடைசி வாரம் அம்மாவுக்குக் கை நடுங்குச்சுன்னு..."

"வெரலால வச்சா அன்னைக்கு மட்டும் அடைக்கும், காஞ்சதும் உதிர்ந்துரும். நான் கொண்டை ஊசியால உள்ள தள்ளுனேன்."

கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு முழுவதையும் சொன்னாள். புடவை வாங்கப் போன அன்று, அப்பா மூடியைத் திறந்தபோது அந்த உஸ் சத்தத்தை அவள் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். மூடியின் அடியில் சந்தனம் ஒட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறாள். ஐந்தாம் வாரம் அம்மா வைத்துவிட்டுப் போனதும் ஊசியால் துளையைத் திறந்துவிட்டாள், வண்டி ஓடியது. ஆறாம் வாரம் அடைத்தாள், நின்றது. ஏழாம் வாரம் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"நீ அஞ்சு மாசம் தொட்டில்லாம் ஆட்டிக் கண்டுபுடிச்சத நான் மூணு வாரத்துல முடிச்சேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்பா பெயர் என்னாவது என்று கேட்டேன். நாற்பது பேர் சிரித்ததைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"மொத சம்பளம் வாங்கின அன்னைக்கு அப்பாகிட்ட சொல்லிட்டேன்டா. பின்கட்டுல வண்டிக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு. 'என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா'ன்னாரு. 'மூணு தடவ சொன்னேம்ப்பா'ன்னேன். நான் போயி மூடியத் தொறந்து சந்தனத்த எடுக்கப் போனேன். 'வேணாம், இருக்கட்டும்'னுட்டாரு."

"ஏன்?"

"'எடுத்தா வண்டி ஓடும். ஓடுனா அப்ப ஏன் நின்னுச்சுன்னு நாலு பேர் கேப்பான். கேட்டா ஒன் பேரு வரும். நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும், கள்ளுக்கடைக்காரனுக்குத் தெரியும். போதும்'னாரு."

அப்பா அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். அத்தனை ஆண்டும் அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றார். யார் என்ன கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பார். வெட்கம் கெட்டவர் என்று சிலர் நினைத்தீர்கள். நானும் சில சமயம் நினைத்தேன்.

இதை எழுதினால் உன் பெயர் வரும், எழுதாவிட்டால் அப்பா பெயர் அப்படியே கிடக்கும், நான் என்ன செய்ய என்று அக்காவிடம் கேட்டேன்.

"எழுது. அவர் எனக்காக மூடி வச்சாரு. எனக்கு எண்பது ஆயிருச்சு. இனிமே செர்டாங்லேருந்து யாரும் பொண்ணு பாக்க வரப்போறதில்ல." பிறகு கேட்டாள், "வண்டிக்கு எவ்வளவுடா ஆச்சு?"

இரண்டு ஜோடி டயர், பெல்ட், பிளக், கம்பிகள், பெயின்ட், லோரி வாடகை, வினிகர், தேய்ந்துபோன தொட்டில் மோட்டார், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரிங்கிட் அறுபது காசு என்றேன். அவள் உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நோட்டுகளை ஒரு தலையணை உறையில் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"அப்பா பேரு ரெண்டு பேருக்கும் பொதுதானே. பாதி என்னோடது. எண்ணிக்க."

எண்ணினேன். மூவாயிரத்து இருநூறு இருந்தது. பாதி என்றால் மூவாயிரத்து இருநூற்று ஒன்பது ரிங்கிட் முப்பது காசு ஆயிற்றே என்றேன்.

"ஒம்பது வெள்ளி முப்பது காசக் காப்பிக்குக் கழிச்சுக்கிட்டேன். குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு வந்தேன். ஆகவே நண்பர்களே, என் அப்பா குடிக்கவில்லை என்பதை உங்களுக்கு எழுதிச் சொல்ல எனக்குக் கடைசியாக ஆன செலவு, மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு ரிங்கிட் அறுபது காசு.